ஒரே கடைக்கு எழுதிக் கொடுக்கலாமா?

ஒரகடத்திலிருந்து வல்லம் செல்லும் வழியில் என் பழைய மாணவர் ஒருவர் சிறிய பிரஸ் ஷாப் நடத்துகிறார். பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தகட்டை வெட்டி, அழுத்தி, துளையிட்டு, வாகன இருக்கைகளின் அடியில் பொருத்தும் பிராக்கெட்டுகளைச் செய்து தருவது தொழில். செய்வது அத்தனையும் ஒரே நிறுவனத்துக்கு. கடந்த மாதம் அவர் என்னை அழைத்தது அந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதற்காக அல்ல. பொறியியல் படித்த அவருடைய மகள், இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிவருகிறார். வெளியீட்டுக்குப் பிறகு ஓராண்டு காலம் தங்களிடம் மட்டுமே விற்கச் சம்மதித்தால் முன்பணம் தருகிறோம் என்று வெளிநாட்டு இணையக் கடை ஒன்று கேட்டிருக்கிறது.

“ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் சார். கையெழுத்துப் போடாதே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்” என்றார்.

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தந்தையின் அச்சம் நியாயமானது. ஆனால், மகளின் கையில் இருக்கும் காகிதம் தந்தையிடம் இருக்கும் காகிதத்தைப் போன்றது அல்ல. இரண்டையும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வரும் குழப்பம் இது.

கணினி விளையாட்டுகளின் சந்தையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று இவை பெட்டியில் வைத்து விற்கப்படுவது குறைவு. இணையக் கடையில் பணம் செலுத்தித் தரவிறக்கிக்கொள்கிறார்கள். கணினிக்கான கடைகளில் மிகப் பெரியது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘ஸ்டீம்’. வாங்குபவர் இதுவரை சேர்த்த விளையாட்டுகள், நண்பர்கள், பாதியில் விட்ட ஆட்டங்கள் எல்லாம் அங்கேயே இருப்பதால், இன்னொரு கடையில் விலை சற்றுக் குறைந்தாலும் அவர் எளிதில் நகர்வதில்லை. 100 டாலர் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் விளையாட்டை அங்கே வைக்கலாம். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான புதிய விளையாட்டுகள் வந்து குவிவதால், வைப்பது எளிது, கண்ணில் படுவதுதான் கடினம். விற்பனையில் 30 விழுக்காட்டைக் கடை எடுத்துக்கொள்கிறது. 2018இல் ஸ்டீம் இந்த விகிதத்தைக் குறைத்தது. ஆனால், ஒரு விளையாட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20 என்பதாக. பெரியவருக்குத் தள்ளுபடி, சிறியவருக்கு முழு விலை. அரிசி மண்டி முதல் ஆகாயம் வரை இதுதான் போலும்.

அந்தச் சமயத்தில்தான், 2018 டிசம்பர் 6 அன்று, ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில் பெரும் பணம் ஈட்டியிருந்த எபிக் நிறுவனம் தன் கடையைத் திறந்தது. கமிஷன் 12 விழுக்காடு மட்டுமே. குறைந்த கமிஷன் விற்பவரை ஈர்க்கும்; வாங்குபவருக்கு அதனால் என்ன? அவரை வரவழைக்க, வேறெங்கும் கிடைக்காத பொருள் கடையில் இருக்க வேண்டும். எனவே எபிக், வெளிவரவிருந்த விளையாட்டுகளை ஆறு மாதம், ஓராண்டு என்று தனக்கு மட்டுமாகப் பேசி வாங்கத் தொடங்கியது. ஸ்டீம் தன் பங்கை நிரந்தரமாகக் குறைத்து 88 விழுக்காட்டை எல்லாப் படைப்பாளர்களுக்கும் தந்தால் இந்தத் தனியுரிமை ஒப்பந்தங்களிலிருந்து பின்வாங்கத் தயார் என்று எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி 2019இல் வெளிப்படையாகவே அறிவித்தார். ஸ்டீம் அசையவில்லை.

2019ஆம் ஆண்டின் கோடையில் இரண்டு சிறு படைப்பாளர்கள் எடுத்த இரு வேறு முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. ‘ஊப்லெட்ஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கிய இருவர் கொண்ட குழு எபிக்கின் வாய்ப்பை ஏற்றது. எல்லாக் கடைகளிலும் சேர்த்து விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்களோ, அதற்கு இணையான தொகைக்குக் கடை உத்தரவாதம் தந்ததாக அவர்கள் விளக்கினார்கள். அந்த அறிவிப்புக்காக இணையத்தில் அவர்கள் மீது ஆயிரக்கணக்கில் வசவுகளும் மிரட்டல்களும் வந்து விழுந்தன. அதே கோடையில் ‘டார்க்’ என்ற விளையாட்டின் படைப்பாளர் அதே கடையின் வாய்ப்பை மறுத்தார். ஸ்டீமில் வெளியிடுவதாக ஏற்கெனவே அறிவித்துவிட்டேன், சொன்ன சொல்லை மீற முடியாது என்பது அவர் சொன்ன காரணம். தனியுரிமை இல்லாமல் இரு கடைகளிலும் விற்க வழியுண்டா என்று பார்த்ததில், அதற்கு இடமில்லை என்று பதில் வந்ததாகவும் எழுதினார். அவரைப் பாராட்டியவர்களில் பலர் ஊப்லெட்ஸ் குழுவைத் திட்டியவர்கள். இருவருமே தத்தம் நிலையில் சரியான முடிவைத்தான் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

உத்தரவாதத் தொகை என்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்த் திரைப்பட விநியோகத்தில் ‘எம்.ஜி.’ என்று தலைமுறைகளாகப் புழங்கும் மினிமம் கியாரண்டிதான் அது. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தர் ஒரு தொகையைத் தயாரிப்பாளருக்குத் தந்துவிடுகிறார். வசூல் அந்தத் தொகையை ஈடுகட்டிய பிறகு மேற்கொண்டு வருவதில் பங்கு. விளையாட்டுக் கடைகளின் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதே அமைப்பு. 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்குக்குப் போகாமல் நேராக இணையத் தளத்தில் வெளியானபோது எழுந்த சண்டை நினைவிருக்கலாம். அன்று கொதித்தவர்கள் திரையரங்க உரிமையாளர்கள்; விளையாட்டுச் சந்தையில் கொதிப்பவர்கள் வாங்குபவர்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வரிகளையும் நாட்டுக்கு நாடு மாறும் விலையையும் விட்டுவிடுகிறேன். விளையாட்டின் விலை 500 ரூபாய். 30 விழுக்காடு கழிக்கும் பெரிய கடையில் பிரதிக்கு 350 ரூபாய் கிடைக்கும்; 12 விழுக்காடு கழிக்கும் புதிய கடையில் 440. புதிய கடை 44 லட்சம் ரூபாய்க்கு உத்தரவாதம் தருகிறது என்று கொள்வோம். மூன்று பேர், மூன்று ஆண்டு உழைப்பு என்று வகுத்தால் ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 40,000 ரூபாய்.

விளையாட்டு எடுபடவில்லை, 4,000 பிரதிதான் விற்றது. பெரிய கடையில் என்றால் கைக்கு வருவது 14 லட்சம். ஒப்பந்தம் செய்திருந்தால் 44 லட்சம். படைப்பாளரின் பங்காகக் கடைக்கு வசூலானது 17.6 லட்சமே என்பதால், மீதி 26.4 லட்சம் கடையின் நட்டம். மாறாக, விளையாட்டு பெருவெற்றி பெறுகிறது. கூட்டம் நிறைந்த பெரிய கடையில் 30,000 பிரதி விற்றிருந்தால் ஒரு கோடியே ஐந்து லட்சம் வந்திருக்கும். கூட்டம் குறைந்த புதிய கடையில் 12,000தான் விற்றது என்றால் 52.8 லட்சம். பாதிதான். சம நிலை எங்கே இருக்கிறது? பெரிய கடையில் 12,571 பிரதிகளுக்கு மேல் விற்கும் என்று உறுதியாக நம்புபவர் கையெழுத்திடத் தயங்கலாம். அந்த நம்பிக்கை எத்தனை பேருக்கு இருக்க முடியும்? இந்தச் சந்தையில் மிகச் சிலர் மிக அதிகம் ஈட்டுகிறார்கள். பெரும்பாலோர் செலவழித்ததைக்கூட மீட்பதில்லை.

பொருளியல் பார்வையில் இது காப்பீடு. நூறு விளையாட்டுகளைக் கையில் வைத்திருக்கும் கடைக்கு எண்பது தோற்றாலும் மற்ற இருபது ஈடுகட்டக்கூடும். மூன்று பேர் குழுவிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே, இடரைத் தாங்கும் வலு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இடர் போய்ச் சேர்கிறது. அதற்கான பிரீமியமாகச் சிறியவர் தன் பெருவெற்றியின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். கடை உண்மையிலேயே இடரைச் சுமந்ததா என்றால், சுமந்தது. எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் 2021இல் தாக்கலான ஆவணங்களின்படி, 2020ஆம் ஆண்டுக்கு மட்டும் 44.4 கோடி டாலர் அளவுக்கு உத்தரவாதத் தொகைகளை எபிக் ஒப்புக்கொண்டிருந்தது. 2019இல் அந்தக் கடையின் நட்டம் சுமார் 18 கோடி டாலர் என்று ஆப்பிள் தரப்பு சுட்டிக்காட்டியது.

இப்போது ஒரகடத்துக்குத் திரும்புவோம். என் மாணவர் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பொருள் தருகிறார். அதற்கு ஈடாக அவருக்கு என்ன உத்தரவாதம்? மாதந்தோறும் வரும் ‘ஷெட்யூல்’ ஒரு மதிப்பீடு. இவ்வளவை வாங்கியே தீருவோம் என்ற வாக்குறுதி அதில் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகன மாடல் நிறுத்தப்பட்டபோது அவருடைய ஷெட்யூல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதை நம்பிக் கடனில் வாங்கிய இரண்டு பிரஸ் இயந்திரங்களின் தவணை சுருங்கவில்லை. பிராக்கெட்டை அழுத்தும் ‘டை’ இவருடைய கூடத்தில் இருந்தாலும் வாங்கும் நிறுவனத்தின் சொத்து. அவர்கள் நாளைக்கே லாரி அனுப்பி அதை எடுத்துக்கொண்டு போகலாம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். வாங்குபவர் ஒருவரே என்னும்போது எந்தச் சிறு உற்பத்தியாளர் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்பார்?

நூறு மாடல்களில் இடரைப் பரப்பக்கூடியவர் அதை ஒரே ஒரு பொருளைச் செய்பவரின் தோளுக்கு நகர்த்துகிறார். மகளின் ஒப்பந்தத்தில் இடர் போகும் திசைக்கு இது நேர் எதிர்.

ஒருவருக்காகவே முதலீடு செய்தவர், முதலீடு முடிந்த பிறகு பேரம் பேசும் வலுவை இழக்கிறார். பொருளியலில் இதற்கென்று ஓர் இலக்கியமே உண்டு. ஜெனரல் மோட்டார்ஸுக்குக் காரின் உடற்பகுதியைச் செய்து தந்த ஃபிஷர் பாடி நிறுவனத்தின் கதையை நானும் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். 1919இல் பத்தாண்டு ஒப்பந்தம்; 1926இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த நிறுவனத்தையே முழுமையாக வாங்கிக்கொண்டது. ஒப்பந்தத்தைக் காட்டி ஃபிஷர் தரப்பு நெருக்கடி கொடுத்ததே காரணம் என்று 1978இல் மூவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அப்படியொரு நெருக்கடியே நடக்கவில்லை என்று ரொனால்டு கோஸ் 2000இல் மறுத்து எழுதினார். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். என் மாணவர்கள் அந்தக் கதையைத் தேர்வுக்குப் படித்தார்கள். அவர்களில் ஒருவர் அதை வல்லம் சாலையில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அதே டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னாளில் சால்காம்ப் நிறுவனம் வந்து நோக்கியா வளாகத்துக்கு உயிர் கொடுத்தது, ஃபாக்ஸ்கானும் வேறு வாடிக்கையாளர்களுடன் வளர்ந்தது என்பது வேறு விஷயம். இடைப்பட்ட ஆண்டுகளில் வேன் ஓட்டியவர்களும் விடுதி நடத்தியவர்களும் என்ன செய்தார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தனியுரிமை ஒப்பந்தங்களை முற்றாகத் தடைசெய்யவில்லை. போட்டிக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைந்தால் மட்டுமே அவை செல்லாது. புதியவர்கள் நுழையத் தடை ஏற்படுகிறதா, நுகர்வோருக்கு நன்மை உண்டா என்றெல்லாம் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அப்படி எடைபோட்ட ஒரு வழக்கு நம் பகுதிக்கு நெருக்கமானது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரகடத்தில் ஆலை வைத்திருந்த நிசானும் மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிபாகங்களைச் செய்து தரும் நிறுவனங்கள் அவற்றை வெளிச் சந்தையில் நேரடியாக விற்க முடியாதபடி ஒப்பந்தங்கள் கட்டிப்போட்டிருந்தன என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வடிவமைப்பு எங்கள் அறிவுச்சொத்து, போலிகள் பெருகினால் பயணிகளின் பாதுகாப்புக்குக் கேடு என்ற வாதங்களை ஆணையம் ஏற்கவில்லை. காரை வாங்கிவிட்டவருக்கு அதன் உதிரிபாகத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தச் சிறிய சந்தையில் ஒவ்வொரு கார் நிறுவனமும் தனி அரசர் என்பது ஆணையத்தின் தர்க்கம். மேல்முறையீட்டில் அபராதத் தொகை குறைந்தாலும் அந்தத் தர்க்கம் முக்கியமானது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அதைக் கேட்பவர் சந்தையில் எவ்வளவு பெரியவர் என்பதையும் அது சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

அதே தர்க்கத்தின்படி, புதிதாக நுழையும் கடை கேட்கும் தனியுரிமையும் ஏற்கெனவே சந்தையை ஆளும் கடை கேட்கும் தனியுரிமையும் ஒன்றல்ல. விளையாட்டு இயந்திரங்களின் சந்தையை ஆராய்ந்து ராபின் லீ 2013இல் வெளியிட்ட ஆய்வு, தனியுரிமை விளையாட்டுகள் புதிதாக நுழைந்த நிறுவனங்களுக்கே அதிகம் உதவின என்று காட்டியது. அவை இல்லாதிருந்தால் நுகர்வோர் கூடுதல் பயன் பெற்றிருப்பார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. வசைபாடிய வாடிக்கையாளர்களின் மொழியை ஏற்க முடியாது. அவர்களுடைய குறை முழுக்கப் பொய்யும் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மகளின் ஒப்பந்தத்தில் தந்தை பார்க்காத ஓர் இழப்பு இருப்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே ஸ்டீமில் அதற்கொரு பக்கம் திறக்கலாம். ஆர்வமுள்ளவர்கள் அதைத் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். வெளியாகும் நாளில் கடை அவர்களுக்குத் தகவல் அனுப்பும். அந்த முகவரிகள் படைப்பாளர் கைக்கு வருவதில்லை. எனவே, கடை மாறினால் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஓராண்டு கழித்து அங்கே வரும்போது விளையாட்டு பழையதாகியிருக்கும். புதுப்படத்தைப் போலவே இதற்கும் முதல் சில வாரங்கள்தான் உயிர்.

இடைவழிகளும் உண்டு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு உருவாக்கிய ‘ராஜி’, பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சியில் தோற்ற பிறகும் தொடர்ந்து உழைத்து, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோவின் கருவியில் மட்டும் முதலில் வெளியானது. அக்டோபரிலேயே மற்ற தளங்களுக்கும் வந்துவிட்டது. இரண்டு மாதத் தனியுரிமை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையைக் களமாகக் கொண்ட ‘வெண்பா’, டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. 2023 ஜூலை 31 அன்று பல தளங்களில் ஒரே சமயத்தில் வெளியாகி, அதே நாளில் மைக்ரோசாஃப்டின் சந்தாச் சேவையிலும் இடம்பெற்றது. சந்தாச் சேவையில் சேர்வதற்காக மற்ற கதவுகளைச் சாத்த வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை. மறு ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. இட்லி வேகும் ஒரு விளையாட்டு லண்டனில் பரிசு வாங்கியதை என் வயதுக்காரர்கள் நம்பச் சற்று நேரம் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயந்திரங்கள் ஓயாத அந்தக் கூடத்தின் ஓரத்தில் இருந்த அலுவலக அறையில், மூவரும் அமர்ந்து அந்த ஒப்பந்தத்தைப் படித்தோம். உத்தரவாதத் தொகை மூன்று தவணைகளில். கடைசித் தவணை வெளியீட்டுக்குப் பிறகு. விளையாட்டின் உரிமை முழுக்க அவர்களுடையதே. இந்த வரியை மட்டும் தந்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். “அப்படியென்றால் டை நம்முடையது” என்றார். ஆம், அதுதான் பெரிய வித்தியாசம் என்றேன். இரண்டு இடங்களில் எனக்கு நெருடல். அடுத்த விளையாட்டையும் முதலில் இந்தக் கடைக்கே காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு பொருளுக்கான காப்பீட்டை வாழ்நாள் உறவாக மாற்றும் வழி அது. வெளியீடு தாமதமானால் கடை விலகிக்கொள்ளலாம், கொடுத்த தவணைகளையும் திரும்பக் கேட்கலாம் என்று மற்றொன்று. அந்தப் பிரிவு அப்படியே இருந்தால், காப்பீடு என்று நான் மேலே சொன்னதில் பாதி கரைந்துவிடும்.

அடுத்த விளையாட்டைப் பற்றிய பிரிவை நீக்க வேண்டும், ஓராண்டை ஆறு மாதமாகக் குறைக்க வேண்டும், பெரிய கடையில் இருக்கும் அறிவிப்புப் பக்கத்தை மூடாமல் வைத்திருக்க அனுமதிக்க வேண்டும், தாமதத்துக்கு மூன்று மாத அவகாசம் வேண்டும் என்று நான்கு கோரிக்கைகளை மகள் எழுதி அனுப்பியிருக்கிறார். கடைசிக் கோரிக்கை கிடைக்காவிட்டால் கையெழுத்திட வேண்டாம், மற்ற மூன்றில் இரண்டு கிடைத்தால் போதும் என்பது என் யோசனை. தந்தை அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. தமக்கு வாங்கும் நிறுவனத்துடன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தின் நகலை அலமாரியிலிருந்து எடுத்து, அதையும் ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா சார் என்று கேட்டார்.